மாறுவேடமும் மழலைகளும்

அரசர்கள் மாறுவேடம் பூண்டு இரவிலே நகர்சோதனைக்குப் புறப்படும் கதைகள் நமக்குப் புதியவையல்ல. சிலப்பதிகாரம் எடுத்துச் சொல்லும் பொற்கைப் பாண்டியன் கதையை அறியாத தமிழ் மாணவர் இலர். இருளில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிய குற்றத்துக்காகத் தன் கையையே வெட்டிக்கொண்டவன் அப்பாண்டியன். மதீனாவை ஆண்ட கலீபா உமர் அவர்களின் இராச் சஞ்சாரங்களோ எங்கள் கிழக்கிலங்கை வீடுகளில் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவரும் வரலாறு. அவற்றுள் ஒன்றை மட்டும் இன்றைய பேச்சுக்கு வாயிலாக எடுத்துக்கொள்கிறேன்.

மதீனாவின் புறத்தே வணிகர் கூட்டமொன்று தங்கியிருந்தது. அவர்களுக்குக் காவலாக இரவிலே நடந்த உமர் அவர்களின் காதில் ஒரு குழந்தையின் அழுகுரல் விழுந்தது. தாயிடம் சென்று குழந்தையை ஆற்றும்படி சொன்னார். சற்று நேரத்தில் மீண்டும் அழுகை. மீண்டும் சென்று காரணம் கேட்டார். பேசுபவர் யாரென்று அறியாத அந்தத் தாய் உண்மையைச் சொன்னாள். பால்குடி மறந்த பிள்ளைகளுக்கு மட்டுமே உமர் உதவிப்பணம் கொடுக்கிறார். ஆகவே காலத்துக்கு முன்பே பால் மறக்கச் செய்கிறேன் என்றாள். மறுநாள் விடிந்ததும், பிறந்த நாளிலிருந்தே ஒவ்வொரு குழந்தைக்கும் உதவிப்பணம் உண்டு என்று கட்டளை பிறந்தது.

இந்த வரலாற்றிலே இரண்டு விடயங்கள் உள்ளன. ஆள் தெரியாமல் சென்றதனால் உண்மை வெளிவந்தது என்பது ஒன்று. வெளிவந்த உண்மை மறுநாளே அக்குழந்தையின் வாய்க்குப் பாலாகத் திரும்பியது என்பது மற்றொன்று. முதலாவதைச் செய்தவர்கள் உலக வரலாற்றில் பலர். இரண்டாவதையும் செய்தவர்கள் எத்தனை பேர்? அதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து நோக்க விரும்புகிறேன்.

உமருக்கு ஒரு வசதி இருந்தது. அவர் சோதித்தது தம் ஆட்சிக்குட்பட்ட ஊரை. கண்ட குறையைத் திருத்தும் அதிகாரமும் அவர் கையிலேயே இருந்தது. பிறர் நாட்டுக்குள், பிறர் காக்கும் வாயிலுக்குள் வேடமிட்டு நுழைபவருக்கு அந்த அதிகாரம் இல்லை. அண்மைக்கால உதாரணம் ஒன்றைப் பார்ப்போம்.

2008ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம். பிரித்தானிய அரச குடும்பத்தில் மணமுடித்து விவாகரத்துப் பெற்றவரான யோர்க் கோமகள் சாரா பேர்குசன் துருக்கிக்குச் சென்றார். உலகறிந்த அவருடைய செந்நிறக் கூந்தலைக் கருநிறப் பொய்முடி மறைத்தது. அதன்மேல் ஒரு முக்காடு. இரகசியக் கமராவோடு ஐ.டி.வி. தொலைக்காட்சியின் செய்தியாளரும் கூடச் சென்றார். அங்காரா நகருக்கு அருகிலுள்ள சராய் என்னும் நிலையத்தில் உடல், உள ஊனமுற்ற பிள்ளைகள் வைத்துப் பராமரிக்கப்பட்டனர். கட்டிலோடு கட்டப்பட்ட பிள்ளைகளையும், நாள் முழுவதும் தொட்டிலிலேயே விடப்பட்ட பிள்ளைகளையும் கமரா பதிந்தது. அவ்வாண்டு நவம்பரில் அது ஒளிபரப்பாயிற்று. பார்த்தவர்கள் பதறினார்கள்.

துருக்கி அரசும் பதறியது. ஆனால் வேறு காரணத்துக்காக. ஐரோப்பிய ஒன்றியத்திலே சேர விண்ணப்பித்துக் காத்திருக்கும் நாட்டின் பெயரைக் கெடுப்பதற்கான சூழ்ச்சி இது என்றது. 2012இல் ஐந்து பிள்ளைகளின் அந்தரங்கத்தை மீறினார் என்று கோமகள்மீது அங்காராவில் வழக்குத் தொடரப்பட்டது. குற்றப்பத்திரம் கோரிய தண்டனை 22 ஆண்டுகளுக்கும் மேல். அவர் அங்கு செல்லாமலே விசாரணை ஆரம்பமாயிற்று.

நேயர்களே, இந்த விவகாரத்தில் இரு தரப்புக்கும் ஒவ்வொரு நியாயம் உண்டு. நேர்வழியிலே அனுமதி கேட்டுச் சென்றிருந்தால் அந்தக் கட்டில்களிலிருந்த கட்டுகள் அன்றைக்கு மட்டும் அவிழ்க்கப்பட்டிருக்கும், தரை கழுவப்பட்டிருக்கும், பிள்ளைகளுக்குப் புத்தாடை அணிவிக்கப்பட்டிருக்கும். பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் நம்மூர்ப் பாடசாலைகளிலே சுவருக்கு வெள்ளையடிப்பதை நாம் பார்த்ததில்லையா? ஆகவே வேடம் தேவைப்பட்டது. அதே வேளையில், அந்தப் பிள்ளைகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதும் உண்மை. பேசத் தெரியாத, எழுந்திருக்க முடியாத ஒரு பிள்ளையின் நிலைமை கோடி வீடுகளின் திரையிலே காட்டப்பட்டது. அப்பிள்ளைக்கு அதனால் விளைந்தது என்ன? ஒரு நாட்டின் மானமும் மற்றொரு நாட்டுச் சீமாட்டியின் பேரும் பேசப்பட்ட அளவுக்கு இந்தக் கேள்வி பேசப்படவில்லை.

வேடத்துக்கு நிரந்தரமான எசமான் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2010ஆம் ஆண்டில் அதே கோமகள், செல்வந்த வணிகர் போல் வந்த ஒரு செய்தியாளரின் இரகசியக் கமராவில் தாமே சிக்கினார். இளவரசர் அன்ட்ரூவிடம் அறிமுகம் செய்துவைக்க ஐந்து இலட்சம் பவுண் பேசினார் என்பது செய்தி. பிறர் குறையைப் படம்பிடித்த அதே வகைக் கருவி அவர் குறையையும் படம்பிடித்தது.

இந்தக் கேள்வி தொலைக்காட்சியோடு பிறந்ததன்று. 1885ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இலண்டன் மாநகரை ஒரு பத்திரிகை உலுக்கியது. பால் மால் கெசற் என்பது அதன் பெயர், டபிள்யூ.ரி. ஸ்டெட் அதன் ஆசிரியர். ஏழைச் சிறுமியர் விபசாரத்துக்கு விற்கப்படுகிறார்கள் என்பதை நிரூபிக்க அவர் தாமே வாங்குபவராக வேடமிட்டார். புகைபோக்கி துப்புரவு செய்யும் தொழிலாளி ஒருவரின் மகளான 13 வயது எலைசா ஆம்ஸ்ட்ரோங் 5 பவுணுக்கு வாங்கப்பட்டாள். எவ்வளவு எளிதாக ஒரு சிறுமியை வாங்கலாம் என்று ஸ்டெட் எழுதினார். பாராளுமன்றம் நடுங்கியது. பல ஆண்டுகள் இழுபட்டுக் கிடந்த சட்டமூலம் அந்த ஓகஸ்டிலேயே நிறைவேறியது. சம்மத வயது 13இலிருந்து 16 ஆக உயர்ந்தது.

இது பெரும் வெற்றியே. ஆனால் எலைசாவுக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். அவளை மயக்க மருந்து மணக்கச் செய்தார்கள். மருத்துவிச்சி ஒருத்தி அவள் உடலைச் சோதித்தாள். பின்னர் கடல்கடந்து பிரான்சுக்கு அனுப்பப்பட்டாள். அனைத்தும் நாடகம்தான், ஆனால் அது நாடகம் என்பது அவளுக்குத் தெரியாது. தந்தையின் சம்மதமின்றிக் கொண்டுசென்ற குற்றத்துக்காக ஸ்டெட் மூன்று மாதம் சிறையிருந்தார். ஆயிரம் சிறுமியரைக் காத்த சட்டம், ஒரு சிறுமியின் அச்சத்தின் மேல் கட்டப்பட்டது. இதை மன்னிக்கலாமா என்று என்னைக் கேட்டால், ஸ்டெட் சிறை சென்றதும் நியாயம், சட்டம் வந்ததும் நியாயம் என்றே சொல்வேன்.

அத்திலாந்திக்குக்கு அப்பால் இன்னொருவர் இதைவிட நிதானமாக நடந்தார். லூயிஸ் ஹைன் என்னும் ஆசிரியர் 1908 முதல் அமெரிக்கத் தேசிய சிறுவர் தொழிற் குழுவுக்காகப் படமெடுத்தவர். பஞ்சாலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் அவரை யார் உள்ளே விடுவார்கள்? வேதாகமம் விற்பவராகவும், படத் தபாலட்டை விற்பவராகவும், தீயணைப்புப் பரிசோதகராகவும் சென்றார். தம் மேற்சட்டையின் பொத்தான்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை முன்கூட்டியே அளந்து வைத்திருந்தார். ஒரு பிள்ளை அருகே வந்து நின்றால் எந்தப் பொத்தான் மட்டுக்கு நிற்கிறது என்று பார்த்து உயரத்தைக் கணக்கிடுவார். அதிலிருந்து வயது தெரியும். சட்டைப் பைக்குள்ளேயே கையை விட்டுக் குறிப்பெழுதிக்கொள்வார். அந்தப் படங்களும் குறிப்புகளும் ஊர் ஊராகச் சென்று பேசின. 1916இல் வந்த முதலாவது சட்டத்தை 1918இல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. 1938இலேதான் நிலைத்த சட்டம் வந்தது. முப்பது ஆண்டு! வேடம் ஒரு பொழுதுக்குரியது. வேலையோ ஒரு தலைமுறைக்குரியது என்பதை அந்த முப்பது ஆண்டுகள் நமக்குச் சொல்கின்றன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். வேதாகமம் விற்பவரைப் போல நம் நாட்டிலே எந்த வாயிலும் தடுக்காத மனிதர் யார்? புல்மோட்டையில் என் சிறு பராயத்தில் பொட்டணி வியாபாரிகள் வருவார்கள். துணிப் பொதியைச் சைக்கிளிலே கட்டிக்கொண்டோ தோளிலே சுமந்துகொண்டோ ஒழுங்கை ஒழுங்கையாக வருவார்கள். திண்ணையிலே பொதி அவிழும். பெண்கள் கூடுவார்கள். காசு இல்லாவிட்டால் கடன். அடுத்த மீன்பாட்டுக்குப் பிறகு கொடுக்கலாம். எந்த வீட்டிலே பிள்ளை பிறந்திருக்கிறது, எந்த வீட்டிலே இரண்டு நாளாக அடுப்பெரியவில்லை என்பதை விதானையாரைவிட அந்த வியாபாரி நன்றாக அறிவார். ஏனென்றால் அவரிடம் யாரும் எதையும் மறைப்பதில்லை.

இந்த வேடத்தைத்தான் கோதண்டராம நடேசய்யர் தேர்ந்தெடுத்தார்.

1887இல் தஞ்சை மாவட்டத்திலே பிறந்தவர் நடேசய்யர். தஞ்சையிலிருந்து வர்த்தகமித்திரன் என்னும் பத்திரிகையை நடத்தியவர். 1919இல் கொழும்புக்கு வந்தார். தம் ஊர்ப்பக்கத்து மக்கள் இலட்சக்கணக்கில் தேயிலைத் தோட்டங்களுக்குள்ளே இருக்கிறார்கள். அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது வெளியே தெரியவில்லை. பார்க்கப் போகலாமென்றால், தோட்டம் துரையின் தனிச் சொத்து. வெளியார் காலெடுத்து வைத்தால் அத்துமீறிய குற்றம். கங்காணி தடுப்பான், கணக்கப்பிள்ளை விசாரிப்பான். ஆனால் புடவை வியாபாரி மட்டும் லயத்துக்குப் போகலாம். நடேசய்யர் புடவை மூட்டையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போனார்.

அக்காலத் தோட்டத்திலே பிள்ளைகளின் நிலை எத்தகையது? 1907ஆம் ஆண்டின் சட்டப்படி ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தோட்டத்திலே எழுத்தறிவிக்க வேண்டும். பல இடங்களில் அது ஏட்டளவிலேயே நின்றது. பத்து வயதானால் பிரட்டுக் களத்தில் பெயர் விழும். தாயின் கொழுந்துக் கூடைக்குப் பக்கத்திலே சின்னக் கூடை ஒன்று. கைக்குழந்தையை வைத்திருக்கப் பிள்ளைக்காம்பராவும் எல்லாத் தோட்டத்திலும் இருந்ததன்று. லயத்திலே பத்தடிக்குப் பத்தடி கொண்ட ஓர் அறையிலே ஒரு குடும்பம், சில வேளை இரண்டு. கடனோ துண்டுச் சீட்டிலே எழுதப்பட்டு, குடும்பத்தோடு கைமாறும். தோட்டத்தை மாற்றும்போது அந்தத் துண்டு இல்லாமல் வேறு இடத்தில் வேலை கிடையாது. தந்தையின் கடனுக்குள்ளே பிறந்த பிள்ளை, அதற்குள்ளேயே வளர்ந்தது.

நடேசய்யர் கண்டதை எழுதினார். அதோடு இந்தியாவுக்குத் திரும்பியிருந்தால், அவரும் வந்து பார்த்துவிட்டுப் போன கனவான்களுள் ஒருவராக இருந்திருப்பார். ஆனால் அவர் இங்கேயே தங்கினார். 1921இல் தேசநேசன், பின்னர் 1924இல் தேசபக்தன் என்று பத்திரிகைகளை நடத்தினார். தொழிற்சங்கத்திலே ஏ.ஈ. குணசிங்காவோடு சேர்ந்து உழைத்தார். 1925இல் சட்ட நிரூபண சபைக்குச் சென்றார். புடவை மூட்டையோடு ஒளிந்து கேட்டதை, சபையிலே துரைமாரின் பிரதிநிதிகள் முகத்துக்கு நேரே கேட்டார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்றே ஒரு சம்மேளனம் அமைத்து, அட்டன் நகரிலே குடியேறினார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் மேடைகளிலே தொழிலாளர் பாடல்களைப் பாடினார். 1936 முதல் அரசாங்க சபையிலே அட்டன் தொகுதியின் உறுப்பினர். 1947 நவம்பரிலே மறையும் வரை, முதல் வருகையிலிருந்து 28 ஆண்டுகள் இந்த ஒரே காரியம். மலையக எழுத்தாளர் சாரல் நாடன் 1988இல் இவர் வரலாற்றை நூலாக எழுதி நமக்குத் தந்திராவிட்டால், இந்தப் புடவை மூட்டையை நாம் மறந்தே போயிருப்போம்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் குறைந்தபட்சச் சம்பளத்தை விதித்தது. 1929இல் மலைநாட்டிலே நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என்று ஆயிற்று. இவை அவர் ஒருவரால் மட்டும் வந்தவையல்ல. இந்திய அரசின் நெருக்குதலும் வேறு பலரின் உழைப்பும் சேர்ந்து வந்தவை. அந்த 32 சதத்தைச் சற்று நின்று பாருங்கள். பிள்ளையின் உழைப்புக்கு அரசாங்கம் விலை குறித்தது. பிள்ளையை வேலையிலிருந்து விடுவிக்கவில்லை. பத்து வயதோடு பள்ளிக்கூடம் முடியும். பத்து வயதிலே கூலி தொடங்கும். இரண்டு சட்டங்களும் ஒன்றோடொன்று பொருந்திய பொருத்தத்தை என்னென்பது!

நடேசய்யர் மறைந்த மறுவருடம், 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் அம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 28 ஆண்டு உழைப்பும் முழு வெற்றி பெறவில்லை. ஆயினும் அவருடைய பெயரை நான் கோமகளின் பெயருக்கும் ஸ்டெட்டின் பெயருக்கும் மேலே வைக்கிறேன். காரணம் இதுதான். அவர் எந்தப் பிள்ளையையும் காட்சிப்பொருளாக்கவில்லை. தாம் கண்ட குழந்தைகளுக்காகச் சதக்கணக்கிலும் சட்டப் பிரிவிலும் பேசினார். வேடத்தைக் களைந்த பிறகு, அதே வாயிலுக்குத் தம் சொந்தப் பெயரோடும் முகத்தோடும் திரும்பி வந்தார்.

நேயர்களே, துருக்கியின் கோபத்தைப் பார்த்து நாம் முறுவலிக்கலாம். ஆனால் நம் வாயிலை மற்றவர் திறந்தபோது நாம் எப்படி நடந்தோம்? 2009 மார்ச் முதல், போர்முனையில் காயமுற்றோரைச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு முல்லைத்தீவுக் கரையிலிருந்து கப்பலேற்றி எங்கள் புல்மோட்டைக் கரைக்குக் கொண்டுவந்தது. இந்தியா அனுப்பிய வைத்தியக் குழு இங்கே கள வைத்தியசாலை அமைத்துச் சிகிச்சை செய்தது. வந்தவர்களிலே சிறுவர்களும் இருந்தார்கள். அதே ஆண்டு மே மாதத்தில் வவுனியா முகாம்களை இரகசியமாகப் படம்பிடித்து ஒளிபரப்பிய பிரித்தானிய சனல் 4 தொலைக்காட்சியின் செய்தியாளர் குழு நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. அது பொய்ப் பிரசாரம் என்றது அரசு. அங்காராவிலே கேட்ட குரலுக்கும் கொழும்பிலே கேட்ட குரலுக்கும் அதிக வேற்றுமை இல்லை.

2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சியின் செம்பிளா நிகழ்ச்சி இன்னொரு கதவைத் திறந்தது. 1980களில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் பலரின் ஆவணங்கள் போலி என்றும், பெற்ற தாயாக நடிக்கப் பெண்கள் அமர்த்தப்பட்டனர் என்றும் அது எடுத்துக் காட்டியது. அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன அந்த நிகழ்ச்சியிலேயே அதை ஏற்றுக்கொண்டார். 2021 பெப்ரவரியில் நெதர்லாந்து அரசு வெளிநாட்டுத் தத்தெடுப்பையே இடைநிறுத்தியது. இங்கே வேடமிட்டவர்கள் விற்றவர்கள். உண்மையைத் தேடியவர்களோ, விற்கப்பட்டு வளர்ந்த அந்தப் பிள்ளைகளே. இன்றும் தாயைத் தேடி வருகிறார்கள்.

2004 டிசம்பர் 26இன் கடற்கோளுக்குப் பிறகு எங்கள் கரையோரத்துக்கு வந்த வாகனங்களையும் நான் மறக்கவில்லை. நல்ல மனத்தோடு வந்தவர்கள் பலர். வெகுநாள் தங்கி வீடு கட்டித் தந்தவர்களும் இருக்கிறார்கள். சிலர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படமெடுத்துக்கொண்டு மாலைக்குள் திரும்பினார்கள். அவர்கள் வேடமிடவில்லை, வெளிப்படையாகத்தான் வந்தார்கள். ஆனாலும் வரிசையிலே நின்ற ஒரு சிறுவன், “அந்தப் படத்தை எங்களுக்கும் காட்டுவார்களா, சேர்?” என்று என்னைக் கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை. ஆகவே இரகசியக் கமராவை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. படத்தோடு போனவர் திரும்பி வந்தாரா என்பதே கேள்வி.

நம் நாட்டிலே சிறுவர் இல்லங்களைப் பதிவு செய்ய 1941ஆம் ஆண்டிலேயே அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டம் வந்தது. மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களங்கள் அவற்றைக் கண்காணிக்கின்றன. 1998இன் 50ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையும் உண்டு. அந்த இல்லங்களிலே வாழும் பிள்ளைகளிற் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடிருக்கிறார்கள். வறுமைதான் அவர்களை அங்கே கொண்டு சேர்த்தது. ஆகவே அவர்கள் யாரோ ஊர் பேர் தெரியாதவர்கள் அல்லர், நம் அயல்வீட்டுப் பிள்ளைகள்.

நம்மூர் இல்லத்துக்குள் செல்ல நமக்குப் பொய்முடியோ புடவை மூட்டையோ வேண்டியதில்லை. பெருநாளிலும் பொங்கலிலும் சோற்றுப் பொதியோடு ஒரு நாள் போய்ப் படமெடுத்துக்கொண்டு வருவதை நிறுத்தி, மாதமொருமுறை சொந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு போவோமானால், பிள்ளைகள் நம்மை அடையாளம் கண்டுகொள்வார்கள். பழகிய மனிதரிடம் பிள்ளை எதையும் சொல்லும். அயலார் அடிக்கடி போய்வரும் இல்லத்திலே பிள்ளையைக் கட்டிலோடு கட்டிவைக்க எவருக்கும் துணிவு வராது. அப்படி யாரும் போகாத இல்லங்களுக்குத்தான் கடைசியில் ஒரு கோமகள் வேடமிட்டு வரவேண்டியிருக்கிறது.